என் கையெழுத்தைப் பழகிய மாணவி

நான் கற்பிக்கும் பல் மருத்துவக் கல்லூரியில், ஆண்டு இறுதித் தேர்வுக்கு முன்பு மாணவர்களின் செய்முறை ரெக்கார்டு ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் ஏட்டில் என் பெயரில் இருந்த ஐந்து கையெழுத்துகள் என்னுடையவை அல்ல என்று தெரியவந்தது. அவற்றில் ஒன்றின் கீழிருந்த தேதியில் நான் விடுப்பில் இருந்தேன். அந்த ஒரு தேதி மட்டும் நினைவுக்கு வந்திராவிட்டால் நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த ஏட்டை எடுத்திருப்பேன். அவ்வளவு நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தன. முதலெழுத்தின் சுழிப்பு, நடுவில் பேனா சற்றே தூக்கப்படும் இடம், கடைசிக் கோட்டின் சரிவு என எதுவும் பிசகவில்லை. யாரோ பல நாள் உட்கார்ந்து என் கையெழுத்தைப் பழகியிருக்கிறார்கள்.

மறுநாள் அவளை அறைக்கு அழைத்தேன். செய்யாத பயிற்சிகளைச் செய்ததாகக் காட்டியிருக்கிறாள் என்றுதான் எண்ணியிருந்தேன். நேர்மையைப் பற்றியும் நாளைக்கு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் பேசுவதற்கான சொற்கள் தயாராக இருந்தன. அந்தப் பயிற்சிகளுக்கான பற்கள் எங்கே என்று கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஐந்து பற்களும் அதில் இருந்தன, ஒவ்வொன்றும் தனி உறையில், எண்ணும் தேதியும் எழுதப்பட்டு. விளக்கைப் போட்டுக்கொண்டு, பல்லைத் தடவிச் சோதிக்கும் எக்ஸ்ப்ளோரர் கருவியின் முனையை ஒவ்வொரு குழியின் சுவரிலும் தரையிலும் ஓட்டிப் பார்த்தேன். நான்கு நன்றாக இருந்தன. ஐந்தாவது, ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லில் வெட்டிய இரண்டாம் வகைக் குழி (பக்கத்துப் பல்லை ஒட்டிய பக்கவாட்டில் விழும் சொத்தைக்கானது), அந்த ஆண்டு வகுப்பில் நான் பார்த்த வேலைகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

வேலையைச் செய்து முடித்தவள், அதுவும் இவ்வளவு நன்றாகச் செய்தவள், ஏன் கையெழுத்தை மட்டும் திருட வேண்டும்? கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரிசையில நிக்க முடியல மேடம்" என்றாள்.

அந்த வரிசை எது என்று பல் மருத்துவம் படித்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பயிற்சி நேரம் முடிய அரைமணி இருக்கும்போது, கையில் தட்டுடன் பத்துப் பன்னிரண்டு பேர் ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். ஆசிரியர் பல்லை வாங்கி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அனைவரும் கேட்கும்படி ஏதேனும் சொல்வார். பிறகு கையெழுத்து கிடைக்கும் அல்லது கிடைக்காது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு மாலை நினைவுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் நின்ற மாணவனின் பல்லைப் பார்த்து, "இதை நீ வெட்டினாயா, எலி கடித்ததா?" என்று நான் கேட்டிருந்தேன். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த மாணவனும் சிரித்தான். அவள் அன்று வரிசையிலிருந்து நழுவிப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதில் நிற்கவில்லை.

மில்லிமீட்டரில் வாழ்வது

பல் மருத்துவக் கல்வியில் பாடங்கள் அதிகம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் மாணவர்களைச் சிதைப்பது அது என்று நான் இப்போது நம்பவில்லை. பாடம் தெரியாததைத் தேர்வு நாள் வரையாவது மறைக்கலாம். கை தெரியாததை ஒரு மணி நேரம்கூட மறைக்க முடியாது. கடைவாய்ப்பல்லின் முகட்டில்கூட மேலுறையான எனாமலின் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே டென்டின் என்னும் உள்ளடுக்கு, அதற்குள் நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட உயிருள்ள பற்கூழ். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் பிடிக்கும் சிறு கண்ணாடியில் திசை மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்து, அரை மில்லிமீட்டர் கூடாமலும் குறையாமலும் வெட்ட வேண்டும். எழுத்தில் தவறினால் அடித்துவிட்டுத் திருத்தலாம்; வெட்டிய பல்லை ஒட்டவைக்க வழியில்லை. பிளாஸ்டிக் பல்லாக இருந்தால் வேறொன்றைப் பொருத்தி முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் முந்தைய பல்லை எல்லோரும் பார்த்துவிட்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. காலையில் ஓர் ஆசிரியர் "தரை ஆழம் போதாது" என்பார், அவர் சொன்னபடி ஆழப்படுத்திக் கொண்டுபோனால் மாலையில் வேறோர் ஆசிரியர் "யார் இவ்வளவு ஆழமாக வெட்டச் சொன்னது?" என்பார். முந்தையவரின் பெயரைச் சொல்ல முடியாது. மாணவர் தலையைக் குனிந்துகொள்வார். இப்படிப் பலமுறை நடந்தபிறகு அவர் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த ஆசிரியர் எந்த நாளில் என்ன மனநிலையில் இருப்பார் என்பதைப் படிக்கத் தொடங்குகிறார். தன் வேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தானே அறியும் திறன், உண்மையில் ஒரு பல் மருத்துவருக்கு வேண்டிய முதல் திறன், அவரிடம் வளராமலே போய்விடுகிறது.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நாங்கள் அதிகம் தவறு செய்கிறோம். எல்லா மனிதர்களின் கைகளிலும் இயல்பாகவே மெல்லிய நடுக்கம் உண்டு; நொடிக்கு 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில். பயம் வரும்போது சுரக்கும் அட்ரினலின் தசைகளில் உள்ள ஏற்பிகளைத் தூண்டி அதே நடுக்கத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குகிறது. ஆகவே, ஒரு மாணவியின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "கை ஏன் நடுங்குகிறது?" என்று கேட்பவர் அந்த நடுக்கத்தைத் தாமே கூட்டிக்கொண்டிருக்கிறார். நான் பல ஆண்டுகள் அப்படிக் கேட்டிருக்கிறேன். நடுக்கத்தை அடக்க, செய்முறைத் தேர்வு நாளில் நண்பர்களிடமிருந்து வாங்கிய புரோப்ரனோலால் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் விழுங்கும் மாணவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மருந்தியல் தேர்வில் சரியாக எழுதியவர்கள்தான் அவர்கள்.

நானே அந்த வினாத்தாளில் ஒரு வரி

பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்தை அளக்கவென்றே ஒரு வினாத்தாள் 1980இல் உருவாக்கப்பட்டது. அதை அமைத்தவர்கள் கார்பீ என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும்; அதன் பல வடிவங்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படுகின்றன. நான் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது மேற்படிப்பு மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்காக அதை எங்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். தேர்ச்சி பெறாமல் போய்விடுவோமோ என்ற பயம், நோயாளிகள் தாமதமாக வருவது அல்லது வராமலே போவது, குறித்த எண்ணிக்கையை முடிப்பது, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் கருத்துகள், வேலையைப் பற்றிய கண்டனங்கள், கிளினிக் ஆசிரியர்கள் உருவாக்கும் சூழல் என ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று குறிக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் உச்ச எண்ணை வட்டமிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

காரணம் இருந்தது. முதலாம் ஆண்டில் மெழுகில் பல் செதுக்கும் பயிற்சியில், மேல் முதல் கடைவாய்ப்பல்லை மூன்று இரவுகள் உட்கார்ந்து செதுக்கிக் கொண்டுபோயிருந்தேன். ஆசிரியர் அதை இரண்டு விரல்களால் எடுத்தார், ஒரு பக்கம் மட்டும் பார்த்தார், எதுவும் சொல்லாமல் மேசையோரத்தில் இருந்த மெழுகுத்தூள் டப்பாவில் போட்டுவிட்டு அடுத்தவரை நோக்கிக் கையை நீட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எந்த முகடு தவறாக இருந்தது என்று தெரிந்திருக்கும். அந்தப் பல்லில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை நான் பின்னாளில் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் என்னை இப்போது உறுத்துகிறது. "எங்கள் காலத்தில் பல்லை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அதனால்தான் எங்களுக்குக் கை வந்தது" என்று. அது பொய். எனக்குக் கை வந்தது, அடுத்த ஆண்டு ஒரு மூத்த மாணவி இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை எங்கே ஊன்றுவது, மூச்சை எப்போது விடுவது என்று சொல்லிக்கொடுத்ததால். குப்பை டப்பாவால் எனக்குக் கிடைத்தது, வேலையை யாருக்கும் காட்டாமல் கடைசி நிமிடம் வரை மூடிவைக்கும் பழக்கம் மட்டுமே. கடுமைதான் தங்களை ஆளாக்கியது என்று சொல்பவர்கள் எல்லோரும் தப்பிப்பிழைத்தவர்கள். தப்பாதவர்கள் சாட்சி சொல்ல இங்கே இல்லை. என் அறைத்தோழி ஒருத்தி இரண்டாம் ஆண்டின் நடுவில் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. "அவளுக்குக் கை வரல" என்று ஒரே வரியில் பேசி முடித்தோம். அவள் கிளம்புவதற்கு முந்தைய மாதம் முழுவதும் இரவில் தூங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன், ஒரு நாளும் என்னவென்று கேட்கவில்லை.

படிப்பு முடிந்தது, நான் மேசையின் மறுபக்கம் போனேன். எந்த வரிக்கு நான் பேனாவை அழுத்தி வட்டமிட்டேனோ அந்த வரியாகவே மாறியிருந்தேன்.

ஒரு பல், ஓர் எண்

பயிற்சிக்கூடத்திலிருந்து கிளினிக்குக்குப் போகும் காலம்தான் மிக ஆபத்தானது என்பது என் அனுபவம். பொம்மைத் தலை வலிக்கிறது என்று சொல்லாது, மனிதர் சொல்வார். முதன்முதலில் கீழ்த்தாடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போடும் மாணவருக்குத் தன் இதயத்துடிப்பு காதில் கேட்கும். அதே வேளையில் கோட்டா என்னும் எண்ணிக்கையும் தலைமேல் ஏறி உட்காரும்: இத்தனை பல் பிடுங்கல், இத்தனை அடைப்பு, இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை பல்செட். நோயாளி வராவிட்டால் தவறு நோயாளியுடையது, மதிப்பெண் குறைவது மாணவருடையது. அதனால் மாணவர்கள் மாலைகளில் நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சுகிறார்கள், ஒருவருக்கொருவர் நோயாளியை ஒளித்துவைக்கிறார்கள், நட்பு முறிகிறது.

காத்திருப்போர் கூடத்தில் நிற்கும் மாணவர்களின் பேச்சைக் கவனித்தால் என்ன நடக்கிறது என்பது விளங்கும். "எனக்கு இன்னும் ரெண்டு மேல் கடைவாய் வேணும்." "அந்தப் பெரியவர் எனக்கு ஒரு கம்ப்ளீட் டென்ச்சர்." மனிதர் மறைந்து பல் மட்டும் நிற்கிறது, பிறகு பல்லும் மறைந்து எண் நிற்கிறது. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோலில், மனம் எரிந்து தீர்ந்துபோவதற்கு (பர்ன்அவுட்) மூன்று முகங்கள் சொல்லப்படுகின்றன: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். இரண்டாவதைக் கல் மனது என்று நாம் தவறாகப் படிக்கிறோம். காலையில் நோயாளியிடம் எரிந்து விழுந்த மாணவனைக் கூப்பிட்டு ஒழுக்கம் போதிப்பதற்கு முன்னால், அவன் கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினான் என்று கேட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், இந்த எரிந்து தீர்தலை ஒரு நோயாக அல்லாமல், பணிச்சூழலின் தீராத அழுத்தத்தால் விளையும் நிலையாகவே வகுத்திருக்கிறது. அப்படியானால் மாணவருக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு வரிசையையும் கோட்டாவையும் அப்படியே வைத்திருப்பது நேர்மையாகாது. மூச்சுப்பயிற்சியை நான் குறைசொல்லவில்லை, அது உதவும். ஆனால் நாம் செய்யவேண்டியதை அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

மேசையின் இந்தப் பக்கம்

அந்த மாணவியிடம் திரும்புகிறேன். வரிசையைப் பற்றிச் சொன்னபிறகு அவள் அழத் தொடங்கினாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தூக்கம், பசி, வீட்டாருடன் பேச்சு என ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகு, கேட்கத் தயங்கிய கேள்வியையும் கேட்டேன்: செத்துப்போகலாம் என்றோ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியிருக்கிறதா? இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குவதே அதிகம். மனச்சோர்வை அளக்கப் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் கொண்ட எளிய படிவத்திலும் கடைசிக் கேள்வி இதுதான்.

"சாகணும்னு இல்ல மேடம்" என்றாள். "காலையில கிளம்பி வரும்போது ஏதாவது வண்டி லேசா இடிச்சா நல்லா இருக்கும்னு தோணும். கால் மட்டும் உடைஞ்சா போதும். ஒரு மாசம் வர வேண்டாம்ல."

கை அல்ல, கால். கையை அவள் காப்பாற்றிவைத்திருந்தாள். இந்தத் தொழிலை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதை அந்த ஒரு சொல் எனக்குக் காட்டியது; அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எலி கடித்ததா என்று நான் கேட்ட மாலையில், அடுத்து நின்றவள் இவள்.

அன்றே அவளை மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றேன். வாசல்வரை மட்டும். உள்ளே போகுமுன், "உங்களுக்கு ரிப்போர்ட் வருமா?" என்று கேட்டாள். வராது, நான் கேட்கவும் மாட்டேன் என்று சொன்னபிறகே போனாள். மதிப்பெண் போடும் கையும் மனக்குறை கேட்கும் காதும் ஒருவருக்கே உரியவையாக இருக்கக் கூடாது என்பதை அந்தக் கேள்வியில்தான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். ஆசிரியரையே ஆலோசகராகவும் நியமித்துவிட்டு, யாரும் உதவி தேடி வருவதில்லை என்று வியப்பதில் பொருளில்லை. பதிவாகிவிட்டால் நாளைக்குத் தொழில் உரிமம் கிடைக்காதோ என்ற பயமும் மாணவர்களிடம் உண்டு. அந்தப் பயத்துக்கு யாராவது தெளிவான பதில் சொல்லியே ஆக வேண்டும்.

போலிக் கையெழுத்தை நான் மறைக்கவில்லை. அது சிறிய குற்றம் அல்ல; சிகிச்சைக் குறிப்பில் ஒரு பொய் ஒரு மனிதரின் உடலில் போய் முடியும். துறையில் தெரிவித்தேன், அவள் எழுத்தில் விளக்கம் கொடுத்தாள், எச்சரிக்கை பெற்றாள். ஐந்து பற்களையும் வேறோர் ஆசிரியர் முன்னிலையில் மறுமதிப்பீடு செய்து, போலிகளை அடித்துவிட்டு, அன்றைய தேதியில் என் கையெழுத்தைப் போட்டேன். துறைக் கூட்டத்தில் நான் இன்னொன்றும் சொன்னேன்: இந்த ஐந்து கையெழுத்துகளில் என் பங்கும் இருக்கிறது என்று. சிலர் அதை ஏற்கவில்லை, இப்படி இளகினால் கை தேறாது என்றார்கள். அவர்களும் மாணவர்கள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான், எனக்குத் தெரியும். ஆனால் தரத்தை இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர்தான். அதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது, எத்தனை பேர் முன்னால் சொல்வது என்பதை மட்டுமே மாற்றச் சொன்னேன்.

இப்போது என் கூடத்தில் வரிசை இல்லை. நான் அவர்கள் இருக்கைக்குப் போகிறேன், ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறேன். நான் வாய்திறக்கும் முன் தங்கள் வேலையில் எது சரி, எது தவறு என்று அவர்களே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் யாரும் பார்க்காத ஒரு பல் உண்டு. வெட்டிக் கெடுத்துவிட்டு அவர்களே அதை எறிந்துவிடலாம். நோயாளிகளிடம் நாம் காலங்காலமாகச் சொல்லும் ஒன்றையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: முடியவில்லை என்றால் இடது கையைத் தூக்குங்கள், எல்லாம் நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கோட்டாவை என்னால் மாற்ற முடியவில்லை. வராத நோயாளிக்காக மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் பதிலில்லாமல் இருக்கிறது, மீண்டும் எழுதுவேன்.

அந்த மாணவி இப்போது கிளினிக்கில் இருக்கிறாள். ஆலோசகரிடம் தொடர்ந்து போனாள் என்பதை அவளாகவே சொன்னாள், நான் கேட்கவில்லை. சென்ற மாதம் ஒரு பிற்பகல், கூடத்தின் மறுகோடியில் நான் வேறொரு மாணவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, வரிசையாக நின்ற நாற்காலிகளுக்கு மேலே உறையணிந்த ஓர் இடது கை உயர்ந்தது. போனேன். ஆழமான சொத்தையைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். குழியின் தரையில், குண்டூசி முனையளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் அணை போட்டிருந்தாள், சுற்றிலும் உலர்ந்து சுத்தமாக இருந்தது. நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். அவள் கண்ணாடியை எனக்காகத் திருப்பிப் பிடித்தபடி, "மேடம், பற்கூழ் தெரிஞ்சிடுச்சு. இன்னும் அரை மில்லிமீட்டர் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்றாள். பிறகு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே நோயாளியின் பக்கம் குனிந்து, என்ன நடந்தது, அடுத்து என்ன மருந்து வைத்து மூடப்போகிறோம் என்று நிதானமாக விளக்கத் தொடங்கினாள். கண்ணாடி அவள் கையில் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.